நாவலின் கருப்பொருளையும் குறியீட்டையும் விடை சொல்லிக்கொடுக்காமல் கற்பிப்பது எப்படி?

வகுப்பறைவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு இலக்கியம் கற்பித்து வருகிறேன். இந்தப் பருவத்தில் எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ நாவலை வகுப்பில் முழுமையாக வாசித்தோம். அளவில் சிறியது, கதையும் எளியது என்பதால் வாசித்து முடிப்பதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. சிரமமெல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

குறியீடுகளைப் பற்றி எழுதச் சொன்னால், ‘சிங்கம் வீரத்தின் குறியீடு, கடல் வாழ்க்கையின் குறியீடு, சுறா தீமையின் குறியீடு’ என்று வாய்ப்பாடாக எழுதிவிடுகிறார்கள். கருப்பொருள் என்ன என்று கேட்டால் ‘விடாமுயற்சி’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டும் ஏதோ ஒரு நோட்ஸிலிருந்து வந்தவை என்பது பார்த்தவுடனேயே தெரிகிறது. ‘இதை நாவலில் எந்த இடத்தை வைத்துச் சொல்கிறாய்?’ என்று திருப்பிக் கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. நன்றாக வாசிக்கும் ஒரு மாணவர் எழுந்து, “ஹெமிங்வேயே தன் கதையில் குறியீடு எதுவும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அப்படியிருக்க, இல்லாத ஒன்றை நாம் ஏன் தேடிக்கொண்டிருக்கிறோம்?” என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை.

கருப்பொருளை முதலில் கற்பிப்பதா, குறியீட்டை முதலில் கற்பிப்பதா? அந்த மாணவருக்கு என்ன பதில் சொல்வது? ஒரே சரியான விடை என்று எதுவும் இல்லாத இடத்தில் மதிப்பெண் போடுவது எப்படி? வகுப்பறை அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஓலைநறுக்கு பதில்:

‘இது எதைக் குறிக்கிறது?’ என்ற கேள்வியைச் சில வகுப்புகளுக்குத் தள்ளிவைத்துவிடுங்கள் என்பதே என் முதல் யோசனை. அந்தக் கேள்வி காதில் விழுந்ததுமே மாணவர் புத்தகத்தை விட்டுவிட்டு ஆசிரியரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். விடை நாவலுக்கு வெளியே, ஆசிரியரின் மனத்திலோ நோட்ஸிலோ, முன்பே தயாராக இருக்கிறது என்ற எண்ணம் அந்தக் கேள்வியிலேயே ஒளிந்திருக்கிறது. அதற்கு மாறாக, ஒரு பொருள் நாவலில் எங்கெல்லாம் வருகிறது, வரும்போது அதன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது, முன்பு வந்ததற்கும் இப்போது வருவதற்கும் இடையில் என்ன மாறியிருக்கிறது என்று கேளுங்கள். இவற்றுக்கான விடைகள் பக்கங்களில் இருக்கின்றன. படிப்பில் பின்தங்கிய மாணவராலும் விரல் வைத்துக் காட்ட முடியும்.

உங்கள் நாவலிலிருந்தே சிங்கங்களை எடுத்துக்கொள்வோம். சிறுவன் மனோலினோடு பேசிக்கொண்டிருக்கும்போது, ‘உன் வயதில் நான் ஆப்பிரிக்காவுக்குப் போகும் கப்பலில் வேலை செய்தேன், மாலை வேளைகளில் கடற்கரையில் சிங்கங்களைப் பார்த்திருக்கிறேன்’ என்று கிழட்டு மீனவர் சாந்தியாகோ சொல்லும் இடத்தில்தான் அவை முதலில் வருகின்றன. அன்றிரவு அவை கனவாக வருகின்றன. புயல்கள், பெண்கள், பெரிய நிகழ்ச்சிகள், பெரிய மீன்கள், சண்டைகள், பலப்பரீட்சைகள், இறந்துபோன மனைவி ஆகிய எதுவும் இப்போது அவருடைய கனவில் வருவதில்லை, சில இடங்களும் கடற்கரைச் சிங்கங்களும் மட்டுமே வருகின்றன என்று நாவல் அங்கே பட்டியல் போட்டே சொல்கிறது. பிறகு நடுக்கடலில், தூண்டில் கயிற்றை முதுகில் தாங்கியபடி கிடக்கும்போது, இந்த மீன் தூங்கினால் நானும் தூங்கிச் சிங்கங்களைக் கனவு காணலாமே என்று நினைக்கிறார். மிஞ்சியிருப்பவற்றில் சிங்கங்களே முதன்மையாக இருப்பது ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். கடைசியில் ஒருவழியாகக் கண்ணயரும்போது முதலில் கடற்பன்றிக் கூட்டமும், அடுத்துத் தன் குடிசைக் கட்டிலும், அதற்கடுத்துத்தான் மஞ்சள் நிறக் கடற்கரையும் சிங்கங்களும் கனவில் வருகின்றன. நாவலின் இறுதி வாக்கியமும் சிங்கங்களைப் பற்றிய கனவுதான். அப்போது பக்கத்தில் சிறுவன் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இந்த இடங்களை வகுப்பில் வரிசையாக உரக்க வாசித்துவிட்டால், வீரம் என்ற விடையை நீங்கள் மறுக்க வேண்டிய தேவையே இராது. சண்டையும் பலப்பரீட்சையும் கனவிலிருந்து நீங்கிய பிறகு மிஞ்சியவைதான் இந்தச் சிங்கங்கள். அவை உறுமவில்லை, வேட்டையாடவில்லை. அந்தி ஒளியில் பூனைக்குட்டிகளைப் போல விளையாடுகின்றன. கிழவர் சிறுவனை நேசிப்பதைப் போல அவற்றையும் நேசிக்கிறார் என்று நாவலாசிரியர் வெளிப்படையாகவே எழுதுகிறார். இவ்வளவையும் பார்த்த பிறகு மாணவர்கள் ‘இழந்த இளமை’ என்று சொல்லலாம், ‘யாரையும் தோற்கடிக்கத் தேவையில்லாத வலிமை’ என்று சொல்லலாம், சிறுவனோடு உள்ள அன்போடு சேர்த்தும் பேசலாம். எதைச் சொன்னாலும் அது அவர்கள் படித்த வரிகளிலிருந்து எழுந்ததாக இருக்கும்.

கருப்பொருளுக்கும் இதே வழிதான். ‘விடாமுயற்சி’ என்பது பேசப்படும் பொருள் மட்டுமே. அதைப் பற்றி நாவல் என்ன சொல்கிறது என்பதை எழுவாய், பயனிலையோடு முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலோர் ‘விடாமுயற்சி வெற்றி தரும்’ என்று எழுதுவார்கள். உடனே மறுக்காதீர்கள், இந்த வாக்கியத்துக்கு அடங்காத இடம் நாவலில் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். எண்பத்து நான்கு நாள் மீனின்றித் திரும்பியவர், மூன்று நாள் போராடிப் பிடித்த மீனைச் சுறாக்களிடம் பறிகொடுத்து எலும்புக்கூட்டோடு கரை சேர்கிறார். இவ்வளவு தூரம் வந்திருக்கக் கூடாது என்று அந்த மீனிடமே மன்னிப்புக் கேட்கிறார். தன்னைத் தோற்கடித்தது எது என்ற கேள்விக்கு, எதுவும் இல்லை, நான்தான் வெகுதூரம் போய்விட்டேன் என்று தானே விடையும் சொல்கிறார். இந்த இடங்களுக்கும் இடம் கொடுத்து அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதச் சொன்னால், ‘தன் எல்லையைத் தாண்டிப் போகிறவன் வென்றதையும் இழக்கிறான், ஆனால் தாண்டாமல் தான் யார் என்று அவனால் அறிய முடிவதில்லை’ என்பதைப் போன்ற ஒன்று வரும். இது ஒன்றே சரி என்று நான் சொல்லவில்லை. முதல் வாக்கியம் எந்த நாவலுக்கும் பொருந்தும், இது இந்த நாவலுக்கு மட்டுமே பொருந்தும் என்பதுதான் வேறுபாடு.

வரிசையைப் பொறுத்தவரை நான் குறியீட்டிலிருந்தே தொடங்குவேன். கண்ணால் பார்க்கக்கூடிய பொருளிலிருந்து கருத்துக்குப் போவது எளிது. கருத்தை முதலில் கையில் கொடுத்துவிட்டால், பிறகு வரும் பொருள்களையெல்லாம் மாணவர்கள் அதற்குச் சான்றாக வளைத்துவிடுவார்கள்.

---

நடுப்பக்கம் பதில்:

அந்த மாணவரின் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கே ஒரு முழு வகுப்பு ஒதுக்கலாம்.

அவர் சொன்னது உண்மைதான். நாவல் வெளிவந்த 1952-ஆம் ஆண்டிலேயே, கலை வரலாற்றாசிரியர் பெர்னார்ட் பெரன்சனுக்கு எழுதிய கடிதத்தில், இதில் குறியீடு எதுவும் இல்லை, கடல் கடல்தான், கிழவன் கிழவன்தான், சிறுவன் சிறுவன்தான், மீன் மீன்தான் என்று ஹெமிங்வே எழுதினார். ஆனால் வழக்கமாக எடுத்துக்காட்டப்படும் பகுதி அதோடு முடிந்துவிடுகிறது. அதைத் தொடர்ந்து, இதற்கு அப்பால் இருப்பது, அறிந்த பிறகு நீங்கள் அப்பால் காண்பதுதான் என்ற கருத்தில் ஒரு வாக்கியம் வருகிறது. 1954-இல் டைம் இதழுக்கு அளித்த பேட்டியில் இதையே இன்னும் தெளிவாகச் சொன்னார். குறியீடுகளை முன்கூட்டியே தீர்மானித்துக் கதைக்குள் செருகினால் அவை ரொட்டியில் பதித்த உலர்திராட்சையைப் போலத் துருத்திக்கொண்டு நிற்கும் என்றும், தான் ஓர் உண்மையான கிழவனையும் உண்மையான கடலையும் உண்மையான மீனையும் படைக்க முயன்றதாகவும், அவை போதிய அளவு உண்மையாக அமைந்துவிட்டால் பலவற்றைக் குறிக்கும் என்றும் கூறினார். ஆகவே அவர் மறுத்தது செருகப்பட்ட குறியீட்டைத்தான். உண்மையான பொருள் தானாகவே பல அர்த்தங்களைத் தாங்கும் என்பதை அவர் மறுக்கவே இல்லை.

அடுத்து, அந்த மாணவரையே நாவலின் ஒரு வரிக்கு அழைத்துச் செல்லுங்கள். இரண்டு சுறாக்கள் வருவதைப் பார்த்ததும் கிழவர் ‘ஆய்’ என்று ஒலி எழுப்புகிறார். தன் கைகளின் ஊடாக ஆணி இறங்கி மரத்தில் பாய்வதை உணரும் ஒருவன் தன்னை அறியாமல் எழுப்பும் ஒலி அது என்று நாவலாசிரியர் விளக்குகிறார். கரை சேர்ந்த பிறகு பாய்மரத்தைத் தோளில் சுமந்துகொண்டு மேடேறுகிறார், விழுகிறார், வழியில் பல முறை உட்கார்ந்து எழுகிறார், குடிசையில் கைகளை நீட்டி உள்ளங்கைகளை மேல்நோக்கி வைத்துக் குப்புறப் படுத்துத் தூங்குகிறார். கைகளின் ஊடாக ஆணி என்று எழுதிய கைக்குச் சிலுவை நினைவுக்கு வந்திருக்காது என்று நம்புவது கடினம். கடிதத்தில் எழுதியவர் என்ன சொன்னாலும், பக்கத்தில் அந்த ஆணி இருக்கிறது.

இங்கே இன்னொரு விபத்தையும் தவிர்க்க வேண்டும். ‘கிழவர்தான் இயேசு’ என்று எழுதிவிட்டால் மீண்டும் வாய்ப்பாட்டுக்கே திரும்பிவிடுவோம். தனக்கு மத நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டே, இந்த மீன் கிடைத்தால் பத்து முறை ஜெபம் சொல்வதாக அந்தக் கிழவர் பேரம் பேசுகிறார். இந்த இரண்டையும் அருகருகே வைத்து, சிலுவையின் சாயல் இந்த மனிதர்மீது விழும்போது நாவல் அதைக் கொண்டு என்ன செய்கிறது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ஒரு துணைச் செய்தி: 1963-இல் புரூஸ் மெக்கலிஸ்டர் என்ற பதினாறு வயது அமெரிக்க மாணவர், வகுப்பில் நடந்த குறியீட்டுத் தேடலில் சலித்துப்போய், நூற்றைம்பது எழுத்தாளர்களுக்கு ஒரு வினாப்பட்டியலை அனுப்பி, நீங்கள் தெரிந்தே குறியீடுகளை வைக்கிறீர்களா என்று கேட்டார். ஏறக்குறைய பாதிப்பேர் பதில் எழுதினார்கள். ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்தவர் முதல் விரிவாக விளக்கியவர் வரை எல்லா வகையினரும் அவர்களில் இருந்தார்கள். உங்கள் மாணவர் தனியாள் அல்லர் என்பதை அறிந்தால் மகிழ்வார். ஆசிரியரின் நோக்கத்தைப் படைப்பின் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்று விம்சாட், பியர்ட்ஸ்லி என்ற இரு திறனாய்வாளர்கள் 1946-இல் எழுதிய கட்டுரையும் இதே விவாதத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் பள்ளி வகுப்புக்கு அந்தக் கட்டுரையைக் கொண்டுபோக வேண்டாம். ஆணி வரும் அந்த ஒரு வரியே போதும்.

---

முதல்வாசிப்பு பதில்:

மேலே உள்ள இரண்டு பதில்களோடும் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான் என்றாலும், ஒரு மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஓலைநறுக்கு சொல்லும் தேடலை முதல் வாசிப்பிலேயே தொடங்கிவிட்டால், மாணவர் கதையை வாசிக்க மாட்டார். சிங்கம் எங்கே வருகிறது என்று பக்கம் பக்கமாக எண்ணிக்கொண்டிருப்பார். மீன் தப்பிவிடுமோ என்ற பதற்றம் இல்லாமல் அந்த நாவலை வாசித்தவருக்கு அதன் எந்தக் குறியீடும் எதையும் தராது. முதல் வாசிப்பில் பென்சிலே கூடாது என்பது என் கட்சி. முடித்த பிறகு, புத்தகத்தைத் திறக்காமல், உங்கள் நினைவில் அழுத்தமாக நிற்கும் பொருள் எது, காட்சி எது என்று மட்டும் கேளுங்கள். எல்லோருடைய நினைவிலும் நிற்கும் பொருள்தான் தேடிப் பார்க்கத் தகுதியான பொருள். எத்தனை முறை வருகிறது என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. அந்த நாவலில் கயிறு வராத பக்கமே குறைவு, அதற்காகக் கயிற்றை முதன்மைக் குறியீடு என்று சொல்லிவிட முடியுமா?

இரண்டாவதாக, மாணவர்களிடம் இந்த வாய்ப்பாட்டுப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். உருவகக் கதையை வாசிக்கும் முறையையே அவர்கள் எல்லா நாவல்களுக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். 1945-இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யில் நெப்போலியன் என்ற பன்றி ஸ்டாலினையும் ஸ்னோபால் என்ற பன்றி டிராட்ஸ்கியையும் சுட்டுகின்றன என்று சொல்வதில் தவறே இல்லை. அந்தக் கதை ரஷ்யப் புரட்சியின் வரலாற்றோடு நேருக்கு நேர் பொருந்தும்படி கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை அப்படி வாசிக்க முடியாது. அங்கே தண்ணீர் முதலில் தண்ணீர்தான். குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து பிடிக்க வேண்டிய தண்ணீர். கதைத்தலைவி ஜமுனாவின் வாழ்க்கையில் வற்றிப்போன வேறு பலவற்றை அது நினைவூட்டுகிறது என்று ஒரு வாசகர் உணர்வதற்குக் காரணமே, அந்தக் குடத்தின் எடை முதலில் நம் கையில் உணரப்படுவதுதான். உருவகக் கதையில் பொருளை நீக்கிவிட்டுக் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். குறியீட்டில் பொருளை நீக்கினால் கருத்தும் கூடவே போய்விடும். இந்த வேறுபாட்டை இரண்டு நூல்களையும் அருகருகே வைத்து ஒருமுறை காட்டிவிட்டால், ‘கடல் என்றால் வாழ்க்கை’ என்ற வகைச் சமன்பாடுகள் வெகுவாகக் குறையும்.

---

ஓலைநறுக்கு பதில்:

முதல்வாசிப்பு சொல்வதை ஏற்கிறேன். நான் சொன்ன தேடல் இரண்டாவது வாசிப்புக்கு உரியதுதான். இவ்வளவு சிறிய நாவலைத் தேர்ந்தெடுப்பதன் வசதியே அதை இரண்டு முறை வாசிக்கலாம் என்பதுதான். கயிற்றைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கயிற்றை எடுத்துக்கொண்டு ஒரு மாணவர், அது மீனையும் மனிதரையும் கட்டுகிறது, இருவரில் யார் யாரை இழுக்கிறார் என்பது நெடுநேரம் தெளிவாக இல்லை என்று எழுதினால், நான் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.

---

தினைத்தாள் பதில்:

தமிழ் வாசகர்களுக்கு இந்த வேலை புதியதே அல்ல என்பதை யாரும் சொல்லவில்லையே என்ற குறை எனக்கு. நாவலுக்குள் போவதற்கு முன், குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாடலை ஒரு வகுப்பில் வாசித்துவிட்டுப் போகலாம். கபிலர் பாடியது, ஐந்தே அடிகள். தலைவன் தன்னோடு கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை, அவன் தன் சொல்லைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன் என்று தலைவி சொல்கிறாள். பிறகு, ஒரு சாட்சி இருந்தது என்கிறாள்: ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு, தினையின் தாளைப் போன்ற மெல்லிய பசிய கால்களோடு நின்ற குருகு என்ற நீர்ப்பறவை.

இப்போது மாணவர்களிடம் குருகு எதன் குறியீடு என்று கேட்காதீர்கள். அது எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்று கேளுங்கள். மீனைத்தான் பார்த்தது, இவர்களைப் பார்க்கவில்லை. இருந்தும் பயனற்ற சாட்சி அது. யாராவது ஒருவர், தலைவனும் அந்தக் குருகைப் போலத்தானே, அவன் கண்ணும் இரையின்மீதுதானே இருந்தது என்று சொல்வார். இன்னொருவர் மறுப்பார். தொல்காப்பியம் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பேசுவது இப்படிச் சொல்லாமல் உணர்த்தும் பொருளைத்தான். வெளிப்படையாகச் சொல்லப்பட்ட பறவை ஒன்று, சொல்லாமல் விடப்பட்ட அச்சத்தைச் சுமக்கிறது. ஐந்து அடிகளில் இதைச் செய்து பழகியவர்களுக்கு, ஒரு நாவல் முழுவதும் அதையே செய்வது அச்சம் தராது.

ஒரே பொருளுக்குப் பல வாசிப்புகள் எப்படி இருக்க முடியும் என்று தயங்குகிறவர்களுக்கு இன்னோர் இடம் உண்டு. 1851-இல் வெளிவந்த ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவலில், வெள்ளைத் திமிங்கிலத்தை முதலில் கண்டு சொல்பவருக்குப் பரிசு என்று கேப்டன் ஆஹாப் ஒரு தங்க நாணயத்தைப் பாய்மரத்தில் ஆணியடித்து வைக்கிறார். தொண்ணூற்றொன்பதாம் அத்தியாயத்தில் கப்பலில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து அந்த நாணயத்தைப் பார்க்கிறார்கள். அதில் பொறித்துள்ள கோபுரத்திலும் எரிமலையிலும் சேவலிலும் ஆஹாப் தன்னையே காண்கிறார். இறைப்பற்றுள்ள ஸ்டார்பக் அதே மலைமுகடுகளில் மும்மைக் கடவுளைக் காண்கிறார். ஃபிளாஸ்க் என்பவருக்கோ அது பதினாறு டாலர் மதிப்புள்ள வட்டமான தங்கம், அவ்வளவுதான். அதற்கு எத்தனை சுருட்டு வாங்கலாம் என்று கணக்குப் போடுகிறார், அந்தக் கணக்கும் தப்பு. அத்தியாயம் சிறியதுதான். அதை மட்டும் தனியாக எடுத்து வகுப்பில் நாடகமாக வாசிக்க வைக்கலாம். நாணயத்தின் பொருள் என்ன என்ற கேள்வி, அதைப் பார்ப்பவர் யார் என்ற கேள்வியாக மாறிவிடுவதை மாணவர்கள் தாங்களே உணர்வார்கள். அதே சமயம், நாணயத்தில் இல்லாத படத்தை யாரும் காணவில்லை என்பதையும் சுட்டிக்காட்ட மறக்காதீர்கள். ‘யாருக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி’ என்று சொல்லித் தப்பிக்க முயல்கிறவர்களுக்கு அதுதான் பதில்.

---

வகுப்பறைவாசி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆணி வரும் வரியை நாளைய வகுப்புக்கே எடுத்துக்கொள்கிறேன். அந்த மாணவரையே வாசிக்கச் சொல்லப் போகிறேன். மதிப்பெண் பற்றிய கேள்விதான் மிச்சம் இருக்கிறது. எந்த விளக்கமும் செல்லும் என்றால் எதற்கு எவ்வளவு மதிப்பெண் போடுவது? தேர்வில் கிடைக்கும் குறைந்த நேரத்தில் அவர்கள் எந்த வடிவத்தில் எழுத வேண்டும்?

---

நடுப்பக்கம் பதில்:

எந்த விளக்கமும் செல்லும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. பல விளக்கங்கள் செல்லும், இன்னும் பல செல்லாது. ஒரு விடையைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது, நாவலை வாசிக்காத ஒருவர் இதை எழுதியிருக்க முடியுமா என்பதைத்தான். ‘சுறாக்கள் தீமையைக் குறிக்கின்றன. தீமை நல்லவர்களின் உழைப்பை அழிக்கும்’ என்பதை நாவலைத் தொடாத ஒருவரும் எழுதலாம். அதற்கு என்னிடம் மிகக் குறைந்த மதிப்பெண்தான்.

அதே சுறாக்களைப் பற்றி ஒரு மாணவர் பின்வருமாறு எழுதினார் என்று வைத்துக்கொள்வோம்: ‘எல்லாச் சுறாக்களையும் கிழவர் ஒரே விதமாகப் பார்ப்பதில்லை. முதலில் வரும் மாக்கோ சுறாவை அழகானது, உன்னதமானது, எதற்கும் அஞ்சாதது என்று எண்ணுகிறார். பிறகு வருபவற்றைப் பிணம் தின்பவை என்று வெறுக்கிறார். மாக்கோ சுறா மீனைக் கொன்று பிழைப்பதைப் போலவே தானும் பிழைப்பதாக அவர் நினைக்கிறார். ஆகவே முதல் சுறா அவருக்கு எதிரியாக மட்டும் இல்லாமல் அவருடைய சாயலாகவும் இருக்கிறது.’ இந்த விடையில் ஒரு கூற்று இருக்கிறது, அதற்கு நாவலில் இடம் இருக்கிறது, அந்த இடத்திலிருந்து கூற்றுக்கு எப்படி வந்தார் என்ற விளக்கமும் இருக்கிறது. முழு மதிப்பெண்ணுக்கு எனக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். அவருடைய முடிவோடு நான் உடன்படுகிறேனா என்பது கணக்கில் வராது. மேற்கோளை எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும் என்றும் நான் எதிர்பார்ப்பதில்லை. எந்த இடம் என்று அடையாளம் தெரிந்தால் போதும்.

---

முதல்வாசிப்பு பதில்:

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். விடையின் இறுதியில், தன் விளக்கத்துக்குப் பொருந்தாத ஓர் இடத்தையும் அந்த மாணவர் குறிப்பிட்டால் நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். நல்ல மாணவர்கள் இதற்குத் தயங்குவார்கள், தங்கள் விடையைத் தாங்களே கெடுத்துக்கொள்வதாக நினைப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

தேர்வு நேரத்தைப் பொறுத்தவரை, நாவலில் உள்ள எல்லாக் குறியீடுகளையும் தொட்டுக்காட்டச் சொல்லும் கேள்விகளைத் தவிர்ப்பது நம் கையில்தான் இருக்கிறது. ‘இந்த நாவலில் உள்ள குறியீடுகளை விளக்குக’ என்று கேட்டால் வாய்ப்பாடுதான் வரும், ஏனென்றால் அந்தக் கேள்விக்கு வேறு எதையும் எழுத நேரமே கிடையாது. ‘கடைசிப் பக்கத்தில் வெளியூர்ப் பயணிகள் மீனின் எலும்புக்கூட்டைச் சுறாவினுடையது என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், நாவல் இந்தக் காட்சியை ஏன் அங்கே வைத்திருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். குறியீடு, கருப்பொருள் என்ற இரண்டு சொற்களும் கேள்வியில் இல்லை. ஆனால் இரண்டையும் தொடாமல் அதற்கு விடை எழுத முடியாது.